மேஜையின் நீளப்பக்கம்

சலவைக் கடையில் மடிப்பு மேடைக்குப் பின்னால் நிற்கிறவளைத் தெரு முழுக்க மடிப்பக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே சொல்வார்கள். தங்கள் சட்டையை இவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததில்லை என்கிற மரியாதைதான். தேய்த்து வந்த சட்டை அவள் கையில் பட்டு, இரண்டு தட்டு, ஒரு புரட்டு, அவ்வளவுதான். கடையில் இப்போதுதான் வாங்கினது போலக் காலரைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இது அவளுக்குத் தாய்வழியில் வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது, எதையாவது மடித்தாக வேண்டும். பெரிய தாய்மாமன் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து மிளகு அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். பரிசோதகர் ஏறிக் கேட்டால், அதைப் பிரித்துக் காட்டுவதற்குள் இறங்குகிற இடம் தாண்டிப் போய்விடும். சின்னம்மா துவைத்த துணியோடு விடமாட்டாள், துவைக்கப் போகிற துணியையும் மடித்துத்தான் வாளியில் போடுவாள். அந்தச் சின்னம்மாவின் மூத்த மகன் குடையை மடக்குகிற அழகைப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்குப் பெண் கொடுத்தார்கள். வேறு வேலை எதுவும் அவனுக்குத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

புகுந்த வீடோ நேர் எதிர். அது பிரிக்கிற வம்சம். மாமனார் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டினார். இரண்டு பல்சக்கரம் மிஞ்சியது. கடிகாரம் ஓடத்தான் செய்தது, பின்பக்கமாக. அவருடைய மூத்த மகன் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியதில் ஒரு கைப்பிடி அளவு திருகாணி மிச்சம். "செஞ்சவன் தாராளமாப் போட்டிருக்கான்" என்று சொல்லி, அதே சைக்கிளில் ஏறிப் போய், மூன்றாவது வீட்டு வாசலில் சக்கரம் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகக் கிடந்தார். இரண்டாவது மகன்தான் மடிப்பக்காவின் வீட்டுக்காரர். பிரிக்கிற கைக்கு ஏற்ற வேலையாக லிப்ட் பழுது பார்க்கிற வேலை அமைந்தது. ஊரில் எந்த லிப்ட் எந்த மாடியில் நின்றாலும் அவர்தான் போவார். கடைசிப் பிள்ளை ஒரு பெண், மடிப்பக்காவுக்கு நாத்தனார். செருப்புக் கடையில் வேலை. அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணன் வீட்டில் ஒரு வாய் காப்பி, அரை மணி நேரப் பேச்சு, இல்லையென்றால் அவளுக்குத் தூக்கம் வராது.

லிப்ட்காரருக்கு ஒரு பித்து உண்டு. குமிழ் வைத்த பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள். ஒன்றின் மேல் ஒன்று அழுத்தினால் 'டக்' என்று உட்காருமே, அவைதான். அந்தக் கட்டைகளால் அவர் ஒரு மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாடியும் தனித்தனி. எந்த மாடியையும் அப்படியே தூக்கி எடுக்கலாம், எதன் மேலும் எதுவும் உட்காரும். நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழி, அதில் நூல் கட்டின ஒரு குட்டி லிப்ட். பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் ஏறும், இறங்கும். வேலையில் பார்ப்பது போதாதென்று வீட்டிலும் லிப்ட்.

மடிப்பக்காவின் பித்து காகிதம். சதுரக் காகிதத்தை மடித்துச் சரிந்த பட்டை மாதிரி ஒரு துண்டு செய்வாள். இரண்டு முனையிலும் ஒரு வால் இருக்கும், நடுவில் இரண்டு பை இருக்கும். ஒன்றின் வாலை இன்னொன்றின் பைக்குள் நுழைக்க வேண்டும். இப்படியே துண்டோடு துண்டு கோத்துக்கொண்டு போனால் கூர் கூராக முளைத்த பந்து வரும். பசை கிடையாது, நூல் கிடையாது. மூன்று துண்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று வரும். பன்னிரண்டில் ஆரஞ்சு அளவு. முப்பதில் முலாம்பழம். தொண்ணூறு துண்டு போட்டால் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குகிற பூசணிக்காய். அந்தப் பூசணிக்காயை அவள் இதுவரை செய்ததில்லை.

"ரெண்டும் ஒரே வித்தைதானே. ஒரே மாதிரித் துண்டு, ஒண்ணோட ஒண்ணு மாட்டணும், அவ்வளவுதான்" என்பாள் அவள்.

"ஒரே வித்தையா? என்னுது மேல நீ ஏறி நிக்கலாம். உன்னுது மேல ஈ உக்காந்தா ஈக்கு அடிபடும்" என்பார் அவர்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேஜை. முன்னறையில், ஒரு நீளப்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. எஞ்சிய நீளப்பக்கத்தில் லிப்ட்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கட்டைகளை நடுவில் பரப்பி வைத்திருப்பார். சாப்பாட்டுத் தட்டெல்லாம் மடிக்குப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. மடிப்பக்காவுக்கு மிஞ்சியது ஒரு குறுகிய தலைப்பக்கம். முழங்கை இரண்டையும் ஒரே சமயத்தில் வைக்க முடியாது, முறை போட்டு வைக்க வேண்டும்.

அந்தத் தலைப்பக்கத்துக்கும் ஆபத்து வந்தது. நூலகத்து மாடிக் கூடத்தில் கைவேலைக் கண்காட்சி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டு பேருமே பெயர் கொடுத்தார்கள். அன்றைக்கு மாலையே லிப்ட்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"பக்கத்துல இன்னொரு கட்டடம் கட்டலாம்னு இருக்கேன். இடம்தான் பத்தல."

"அதுக்கு?"

"உன் காகிதம் மடிச்சா சின்னதாத்தானே ஆகுது. கட்டில் மேல வச்சு மடிக்கலாமே."

"மெத்தை மேல வச்சு மடிச்சா மடிப்பு நிக்காது. அமுங்கும். அடியில கெட்டியா ஏதாவது வேணும்."

"பிரிட்ஜ் மேல கெட்டியாத்தானே இருக்கு."

"ஏணி மேல நின்னுக்கிட்டு மடிக்கச் சொல்றீங்களா?"

பேச்சு முற்றிப் பந்தயத்தில் வந்து நின்றது. கண்காட்சியில் சாயங்காலம் மணி அடிக்கும்வரை யாருடையது கலையாமல் நிற்கிறதோ அவர்களுக்கு முழு மேஜை. தோற்றவர் சாமான்களோடு பிரிட்ஜ் தலைக்குப் போக வேண்டும். இரண்டுமே நின்றால், மேஜை இருக்கிறபடியே இருக்கட்டும்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மடிப்பக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே அடுத்தவர் சட்டையை மடிக்கிறாள். எவ்வளவு அழகாக மடித்தாலும் மறுநாள் காலையில் யாரோ ஒருவர் உதறிக் கலைத்துவிடுகிறார். உட்கார்ந்து, தனக்காக, கலையாத ஒன்றை மடிக்கிற இடம் அந்தத் தலைப்பக்கம் ஒன்றுதான். அது போனால் மடிப்பே போன மாதிரி.

அதனால் பூசணிக்காயைச் செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள். தொண்ணூறு துண்டு தனியாள் வேலை இல்லையே. காப்பிக்கு வந்த நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதிக்குப் பாதி மடிச்சுத் தர்றியா?"

"உங்க ரெண்டு பேர் சண்டையில நான் உங்க பக்கம்னு அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"காப்பி நான்தானே போடறேன்."

"சரி அண்ணி, எப்படி மடிக்கணும்னு காட்டுங்க."

லிப்ட்காரர் தன் நீளப்பக்கத்தை விட்டு இம்மியும் நகரவில்லை. ஆகவே ஒரு தலைப்பக்கத்தில் அண்ணி, எதிர்த் தலைப்பக்கத்தில் நாத்தனார், நடுவில் ஆளுயரக் கட்டடம் இல்லாவிட்டாலும் முகவாய் உயரக் கட்டடம். கட்டடத்துக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டி அண்ணி சொல்லிக்கொடுத்தாள்.

"என் கையையே பாரு. இந்த மூலையை இந்தப் பக்கம் கொண்டா. ஆங். இப்ப அந்த மூலை. நகத்தால ஒரு இழுப்பு. நான் செய்யற மாதிரியே செய்யி."

நாத்தனாரும் அவள் செய்கிற மாதிரியே செய்தாள். செருப்புக் கடைக்காரிக்கு விரல் சுறுசுறுப்பு. அண்ணி ஒன்று மடித்தால் அவளும் ஒன்று மடித்தாள். துண்டுகள் எல்லாம் சலவைக் கடையின் பழைய துணிப்பை ஒன்றில் கலந்து விழுந்தன. எல்லா நிறமும் இரண்டு பேரிடமும் இருந்தது. எது யாருடையது என்று பெற்றவளுக்கே தெரியாது. கோப்பதை மட்டும் கண்காட்சி நாள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் மடிப்பக்கா. முன்கூட்டியே கோத்து வைத்தால் வீட்டில் வைக்க இடம் ஏது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லிப்ட்காரர் கட்டடத்தை மாடி மாடியாகத் தூக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, விசிலடித்துக்கொண்டே நூலகத்துக்குப் போய்விட்டார். பெண்கள் இருவரும் பையைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள்.

முதல் இரண்டு துண்டு சேர்ந்தது. மூன்றாவது துண்டின் வால் பைக்குள் போக மாட்டேன் என்றது. மடிப்பக்கா திருப்பிப் பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பையின் வாய் இந்தப் பக்கம் இருந்தால் வால் அந்தப் பக்கம் சாய்ந்தது. அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தாள், அது சமர்த்தாக நுழைந்தது. அடுத்தது மறுபடி முரண்டு. குளியலறை அடைப்பு மாதிரி ஒரு இடத்தில் சரியானால் இன்னோர் இடத்தில் எழும்பியது.

"காகிதம் ஈரத்துல ஊதியிருக்கு" என்றாள்.

"வெயில்தானே அண்ணி அடிக்குது."

"அப்ப வெயில்ல சுருங்கியிருக்கு."

அரைப் பூசணிக்காய்கூட ஆகவில்லை. ஏறின துண்டுகளைவிட ஒதுங்கின துண்டுகள் அதிகம். மடிப்பக்காவின் கண்ணுக்கு முன்னால் பிரிட்ஜின் தலை வந்து போனது. அதன் மேல் இருக்கிற தூசி, பழைய டப்பா, சின்ன ஏணி எல்லாம் சேர்ந்தே வந்து போயின. கையிலிருந்ததை வைத்துவிட்டாள்.

நாத்தனார் ஒதுங்கின குவியலிலிருந்து ஒன்றையும் ஏறின குவியலிலிருந்து ஒன்றையும் எடுத்து, கடையில் பழகின கை, மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வைத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது வலது கால். இது இடது கால்."

"என்னம்மா உளர்றே, காகிதத்துக்கு ஏது காலு?"

"பாருங்களேன். ஒண்ணு இந்தப் பக்கம் வளையுது, ஒண்ணு அந்தப் பக்கம். பெட்டியில ஜோடியா வச்ச மாதிரி. ஜோடின்னா அழகாத்தான் இருக்கு. ஆனா வலது செருப்பை எப்படித் திருப்பினாலும் இடது கால்ல ஏறாது. நாளெல்லாம் நான் மனுஷங்ககிட்டச் சொல்ற ஒரே விஷயம் அது."

மடிப்பக்கா ஒரு துண்டை மடித்துக் காட்டச் சொன்னாள். நாத்தனார் மடித்தாள். அண்ணி வலது மூலையை எடுக்கிற இடத்தில் அவள் இடது மூலையை எடுத்தாள்.

"நான் அப்படியா காட்டினேன்?"

"எதிர்ல உக்காந்து காட்டினீங்க. உங்க கை எந்தப் பக்கம் போச்சோ என் கையும் அந்தப் பக்கம் போச்சு. கண்ணாடியில பார்த்த மாதிரி."

"பக்கத்துல உக்காந்திருக்கணும்."

"எங்க உக்கார? பக்கத்துல அண்ணன் இருந்தாரு."

இரண்டு பேரும் காலியாகக் கிடந்த நீளப்பக்கத்தைப் பார்த்தார்கள். லிப்ட்காரரின் நாற்காலி அவர் அமர்ந்த குழிவோடு அப்படியே இருந்தது.

அழுவதற்கு நேரமில்லை. நாத்தனார் செருப்புக் கடை வழக்கப்படி வலதை ஒரு பக்கமும் இடதை ஒரு பக்கமும் பிரித்தாள். பாதிக்குப் பாதி மடித்ததால் குவியல்கள் சரிசமமாக வந்தன, நாற்பத்தைந்தும் நாற்பத்தைந்தும். பூசணிக்காய் போயே போய்விட்டது. முலாம்பழம் ஆகட்டும் என்று அண்ணி வலதில் முப்பது கோத்தாள், நாத்தனார் இடதில் முப்பது கோத்தாள். ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்த மாதிரி இரண்டு பந்து. ஆளுக்குப் பதினைந்து மிச்சம். பன்னிரண்டைப் போட்டு ஆரஞ்சு. இன்னும் மூன்று மிச்சம். அதைப் போட்டு நெல்லிக்காய். மேஜையைத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அப்பா, அம்மா, குழந்தை" என்றாள் நாத்தனார், தன் பக்கத்து மூன்றையும் வரிசையாக வைத்து.

"இந்தப் பக்கமும் அப்படித்தான். நாம இப்ப சம்பந்தி."

"அப்ப மரியாதையாப் பேசுங்க. எங்க வீட்டு ஆளுங்களுக்கு முன்வரிசையில இடம் வேணும்."

அப்படியே வழி நெடுகச் சம்பந்திச் சண்டை போட்டுக்கொண்டே ஆறையும் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கூடத்தில் லிப்ட்காரருக்குப் பக்கத்து மேஜைதான் இவர்களுக்கு. அவருடைய கட்டடத்தைச் சுற்றி ஒரு கூட்டம். உள்ளே இயந்திரம் ஓடுகிற அழகு தெரிய வேண்டும் என்று கூரையைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற லிப்ட் ஏறியது, இறங்கியது. அவர் முகத்தில் கட்டடத்துக்கே சொந்தக்காரரின் களை.

ஆறு பந்தையும் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பூசணிக்காய் கேட்டா காய்கறிக் கூடையே வந்திருக்கு. ஒரு பந்துன்னுதானே பேச்சு?"

"கலையாம நிக்கணும்னுதான் பேச்சு. எத்தனைன்னு யாரு பேசினா?"

"மிச்சத் துண்டு எங்க?"

"மிச்சம் இல்ல."

லிப்ட்காரரின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. குனிந்து தாம்பாளத்தின் அடியில்கூடப் பார்த்தார். அவர் வம்சத்தில் மிச்சமில்லாமல் எதையும் யாரும் பூட்டினதில்லை.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல. உங்க தங்கச்சியும்தான் செஞ்சா. எங்க அம்மா வீட்டுக் காத்து பட்டிருக்கு."

புழுக்கமாக இருக்கிறதென்று நூலகக் காவல்காரர் மின்விசிறியைப் போட்டார். பழைய விசிறி. கிறீச்சென்று தொடங்கி ஒரேயடியாகச் சுழன்றது. பந்துகள் ஆடின. இரண்டு பெண்களும் தாம்பாளத்தின் மேல் கவிழ்ந்து பிடித்துக்கொண்டார்கள். விசிறியைக் குறைத்ததும் எண்ணிப் பார்த்தார்கள். ஐந்துதான் இருந்தது.

"எங்க வீட்டுக் குழந்தையைக் காணோம்" என்றாள் நாத்தனார்.

மேஜையின் கீழே பார்த்தார்கள், பூந்தொட்டியில் பார்த்தார்கள், காவல்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லி அவர் காலடியில் பார்த்தார்கள். லிப்ட்காரர் இதையெல்லாம் ரசித்துக்கொண்டே, "ஆறு அஞ்சாச்சு. கலைஞ்ச கணக்குதான்" என்று சொல்லியபடி கைப்பிடியைச் சுற்றினார். சுற்றின கை பாதியில் நின்றது. லிப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. அந்தப் பல்லியின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று லிப்ட்காரரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மெதுவாக இழுத்துப் பார்த்தார், நூலை ஆட்டிப் பார்த்தார். பிறகு பல வருஷத்து வேலைப் பழக்கம், தன்னையறியாமல் குனிந்து, கட்டடத்துக்கு வாயை வைத்து, "உள்ள யாராவது இருக்கீங்களா? பயப்படாதீங்க" என்றார்.

நாத்தனார் மேலிருந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு ஆள் இருக்கு. நம்ம வீட்டுக் குழந்தைதான்."

காவல்காரருக்கு உண்மையான லிப்டில் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டு. அவர் கவலையோடு, "சீக்கிரம் எடுங்க, உள்ள காத்தே இருக்காது" என்றார்.

வேறு வழியில்லை. லிப்ட்காரர் கூட்டத்துக்கு முன்னால் ஐந்தாவது மாடியைத் தூக்கினார், நான்காவதைத் தூக்கினார், மூன்றாவதைத் தூக்கினார். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாக, குழிக்குள் விரலை விட்டுக் காகித நெல்லிக்காயை எடுத்தார். அதை நசுக்காமல்தான் எடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் வைத்து ஊதித் தூசி தட்டிப் பார்த்தார். ஒரு வால்கூட வெளியே வரவில்லை.

"லிப்ட் ஏறி இறங்கியும் கலையல" என்றாள் மடிப்பக்கா. "உங்களுதுதான் மூணு மாடி கீழ கிடக்கு."

"உன் ஆள் வந்து மாட்டினதாலதானே பிரிச்சேன்?"

"கூரையை யாரு கழட்டி வைக்கச் சொன்னா?"

அவர் மாடிகளைத் திரும்ப அடுக்கி, கூரையையும் மறக்காமல் மூடினார். லிப்ட் ஓடியது. மணி அடித்தது. காவல்காரர் விளக்கை அணைக்க வந்தபோது லிப்ட்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். மடிப்பக்கா அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டாள். ஒரு சிவப்புக் கட்டை வந்தது.

"மிச்சமா?"

"தாராளமாப் போட்டிருக்கான்" என்றார் அவர், சைக்கிள் பிரித்த அண்ணனின் அதே குரலில்.

பந்தயப்படி முழு மேஜையும் மடிப்பக்காவுக்கு. லிப்ட்காரர் வீட்டுக்கு வந்ததும் ஏணியை எடுத்து வந்து பிரிட்ஜின் தலையைத் துடைக்கத் தொடங்கினார். மேலே மாமனாருடைய கடிகாரத்தின் இரண்டு பல்சக்கரமும் ஒரு டப்பாவில் கிடந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏணி மேலேயே நின்றார். மடிப்பக்கா அண்ணாந்து பார்த்தாள்.

"இறங்கி வாங்க. அங்க கட்டடம் வச்சா கதவைத் திறக்கறப்பவெல்லாம் ஆடும்."

"பந்தயம் பந்தயம்தானே."

"எனக்கு மேஜை முழுசும் வேணாம். நீளப்பக்கம் வேணும். நீங்க தலைப்பக்கத்துல உக்காருங்க. முழங்கையை முறை போட்டு வைங்க."

அவர் இறங்கி வந்தார். ஒரு முழங்கையை வைத்துப் பார்த்தார். மற்றதை வைக்க இடமில்லை.

"இவ்வளவு நாளா இப்படியா உக்காந்திருந்தே?" என்றார்.

இப்போது அண்ணியும் நாத்தனாரும் நீளப்பக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். எதிரே சுவர். பூசணிக்காய்க்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மடிப்பக்கா நிதானமாக, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். நாத்தனார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அண்ணி எழுந்து காப்பி போடப் போன நேரத்தில் கை பழைய வழக்கத்துக்கே திரும்பி, மறுபடி இடது காலாகவே மடித்துப் பையில் போட்டாள். தலைப்பக்கத்திலிருந்து லிப்ட்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டைகளின் மேல் குனிந்துகொண்டார். நெல்லிக்காய்க் குழந்தை ஏறுகிற அளவுக்கு லிப்டைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டிருந்தார்.